கதவைத் தட்டாத வாத்து

காஞ்சிபுரம் போனால் காலை ஆட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்கிறவர்களைப் பார்த்துச் சொன்ன பழமொழி அது. பரசுராமன் காலை ஆட்டிப் பிழைக்கிறவர் அல்ல, கண்ணை வைத்துப் பிழைக்கிறவர். பட்டுப் புடவையின் கரையில் வருகிற அன்னத்தையும் மயிலையும் கட்டம் போட்ட தாளில் முதலில் வரைந்து கொடுப்பது அவர் வேலை. மயிலின் கழுத்து தாளில் ஒரு கட்டம் பிசகினால் போதும், புடவை முழுக்க மயிலுக்குக் கழுத்துச் சுளுக்கு. அதனால் மனுஷர் எதைப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகத்தான் பார்ப்பார். தாலி கட்டும்போது தன் முகத்தைப் பார்க்காமல் கூறைப்புடவையின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி காந்தா பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவாள். அவர் மறுத்ததில்லை. அந்தக் கரையில் ஒரு அன்னத்துக்கு மூக்கு கோணல் என்று மட்டும் சொல்வார்.

எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம், அவர்களுடைய ஒரே மகள் எட்டு வயது அலமுவுக்கு அம்மை போட்டது. சின்னம்மைதான், உயிருக்குப் பயமில்லை. ஆனால் அம்மை என்றால் அது காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று பொருள். நிலையில் வேப்பிலை செருகியாயிற்று. அடுப்பில் தாளிப்பு நின்றது. அலமு அன்றிலிருந்து அலமு இல்லை. பெற்றவளே அவளைத் "தாயே" என்றுதான் கூப்பிட்டாள். ஆத்தா வாய் திறந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, அவளிடம் பொய்யும் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்புகிற வரைக்கும் இதுதான் சட்டம். பரசுராமனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. அதனால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, காந்தா அவரை அறை வாசலோடு நிறுத்திவிட்டாள்.

ஆத்தா என்ன கேட்பாள்? இளநீர் கேட்பாள், நுங்கு கேட்பாள். இந்த ஆத்தா கேட்டது ஒரு கதையின் முடிவை.

அலமுவின் பள்ளிக்கூடத்து அலமாரியில் வெளிநாட்டுக் கதைப் புத்தகங்கள் நாலு இருந்தன. பாதிக்கு மேல் படம். நாலிலும் ஒரே கதாநாயகன், ஒரு குண்டு வாத்து. இங்கிலீஷில் அதற்கு என்ன பெயரோ, பிள்ளைகள் தொந்தியப்பன் என்று வைத்துக்கொண்டார்கள். தொந்தியப்பன் இருக்கும் குளத்தில் தண்ணீர் வற்றிப்போகிறது. மழை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, ஆற்றங்கரையோடு மலைக்கு நடக்கிறான். முதல் புத்தகத்தில் ஒரு கழுதையிடம் கேட்கிறான். இரண்டாவதில் காற்றாலைக்காரக் கிழவனிடம். மூன்றாவதில் பனிக்குள் வழி தவறுகிறான். நாலாவதில் மலை உச்சியில் ஒரு நீலக் கதவு. அதற்குப் பின்னால்தான் மழை இருக்கிறது. தொந்தியப்பன் அலகைத் தூக்குகிறான். அவ்வளவுதான், அதற்கு மேல் பக்கம் இல்லை. எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி கிழித்துவிட்டிருந்தாள்.

அந்த நாலு புத்தகத்தையும் சேர்த்து வெளிநாட்டில் யாரோ ஒரு குட்டிப்படம் எடுத்திருந்தார்கள். வரைந்த வாத்து தானாக நடக்குமாம். அதை அலமுவின் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை காட்டப்போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமை அலமுவின் முதுகில் முதல் கொப்புளம் தெரிந்தது.

"நைனா, நீ போய்ப் பாத்துக்கினு வா" என்றாள் வேப்பிலைப் படுக்கையிலிருந்து. "வேற எதுவும் வாணாம். கதவு தொறந்தா உள்ள யாரு இருக்காங்க, அத மட்டும் பாத்துக்கினு வந்து சொல்லு."

"ஆத்தா கேக்கறா" என்றாள் காந்தா, கையைக் கூப்பியபடி. "போய்ட்டு வாங்க."

இதுதானா, இது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு போனார் பரசுராமன்.

அம்மை போட்ட வீட்டுக்காரர் பிள்ளைகள் நடுவில் உட்காரலாமா? அதனால் கூடத்துக்குள் போகவில்லை. சன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு மத்தியானத்தை இருட்டாக்கியிருந்தார்கள். தாழ்வாரத்துக் கதவில் ஈர வேட்டியை இழுத்துக் கட்டி, அதுதான் திரை. பரசுராமன் தாழ்வாரத்தில், திரைக்குப் பின்பக்கம் நின்றுகொண்டார். உள்ளே மிஷின் கிர்ரென்றது. வேட்டி முழுக்க வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்துக்குள், வலமிருந்து இடமாக, ஒரு வாத்து நடந்து வந்தது.

பரசுராமன் திரைக்கு இன்னும் ஒரு அடி கிட்டே போனார். இருபது வருஷமாக அவர் அன்னம் வரைகிறார். ஆயிரம் அன்னம் வரைந்திருப்பார். ஒன்றுகூட ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. இதோ ஒன்று நடக்கிறது! இடது பாதம் மடங்குகிறது, விரல் விரிகிறது, தொந்தி ஒரு பக்கம் சாய்கிறது, வால் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு அடிக்கு எத்தனை படம் வரைந்திருப்பான்? பன்னிரண்டா, பதினாறா? பாதம் தரையைத் தொடுமுன் முழங்கால் எத்தனை கட்டம் மேலே போகிறது? அவர் விரல்கள் தாமாகவே காற்றில் கோடு போட்டன. கழுதை வந்தது, போயிற்று. கிழவன் வந்தான், போனான். பனி பெய்தது. ஈர வேட்டியின் மணமும் குளிர்ச்சியும் முகத்தில் பட, தானும் வாத்தோடு தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் ஒரு சொப்பனத்தில் இருந்தார் அவர். பார்த்ததெல்லாம் இரண்டு மஞ்சள் பாதங்களை மட்டும்தான்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். கம்பளிகள் விலகின. வெயில் உள்ளே வந்து வேட்டி வெறும் வேட்டியாயிற்று. படம் முடிந்துவிட்டது.

வீட்டு வாசலில் கால் கழுவும்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. கதவு? நீலக் கதவு வந்ததா? வந்தது. வாத்து அதன் முன்னால் நின்றது, ஒரு காலைச் சற்றே உயர்த்தி, மூன்று கட்ட உயரம். அப்புறம்?

"நைனா, கதவு தொறந்துச்சா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆஹா, எப்படி நடக்குது தெரியுமா தாயே! எடது காலு இப்படி மடங்கி..."

"கதவு, நைனா."

"கதவு வந்து... தொறந்து..."

"ஏங்க" என்றாள் காந்தா. அவ்வளவுதான் சொன்னாள். கையிலிருந்த வேப்பங்கொத்து அசையாமல் நின்றது. பரசுராமன் வாயை மூடிக்கொண்டார். ஊரை ஏமாற்றலாம், உள்ளே படுத்திருக்கிறவளை ஏமாற்ற முடியுமா?

"கால பாத்துக்கினே இருந்துட்டேன் தாயே" என்றார் கடைசியில். "முடிவ வுட்டுட்டேன்."

உள்ளே அலமு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. கூறைப்புடவைக் கதை காந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆத்தா இருக்கிற வீட்டில் சண்டை கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். படக்காரர் நாளைக்குப் பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் காட்டுகிறாராம் என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்தார். கஷ்டகாலம், வழியில் டியூப் பஞ்சர். தள்ளிக்கொண்டு முசரவாக்கம் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வெளியே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். படக்காரர் பெட்டியைக் கட்டி பஸ் ஏறிவிட்டிருந்தார். போனால் போகிறது, பார்த்தவர்களைக் கேட்டால் தெரிந்துவிடுகிறது. எட்ட நின்றபடியே, எல்லம்மாள் என்கிற ரெட்டைச்சடைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"கதவு தொறந்து மொதல்ல என்னா வந்துச்சும்மா?"

"மழ வந்துச்சு. வாத்து அப்படியே அடிச்சிக்கினு போயி கொளத்துல வுழுந்துடுச்சு."

"இல்ல சார், பொய்யி" என்றான் பக்கத்தில் இருந்த சின்னப்பையன். "கதவுக்குள்ள இன்னொரு வாத்து. அதுவும் குண்டு. ரெண்டும் கண்ணாலம் கட்டிக்கிச்சு."

"டேய், உள்ள புலிடா!" என்றது இன்னொரு குரல். "கோழிக்கொழம்பு மாதிரி வாத்துக்கொழம்பு."

பதினைந்து பிள்ளைகளைக் கேட்டார். பதினைந்து முடிவு கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளையும் கண்ணால் பார்த்ததுபோலச் சத்தியம் செய்தது. குருடர்கள் யானை பார்த்த கதையிலாவது யானை ஒன்று நின்றது. பரசுராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் புளியமர நிழல் ஒன்றுவிட்டு ஒன்று காலில் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் படம்படமாக ஓடுவதுபோல் இருந்தது. மத்தியானத்தில் விழித்துக்கொண்டே கனவு காண்கிறவன் இப்படித்தான் நடப்பான்.

அன்று சாயங்காலம் அலமு கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் வந்த சத்தம் கேட்டதும், "நாளைக்கும் போவியா?" என்றாள்.

"தாமல்ல காட்டறாங்களாம். கண்டிப்பா போவேன் தாயே."

"சரி" என்றாள். அந்தச் சரியில் சந்தோஷம் இல்லை. பரசுராமன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு தாமலுக்குப் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டார். தாமல் ஏரியில் அந்த வருஷம் பாதித் தண்ணீர். கரைமேல் சைக்கிளை நிறுத்திக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். தூரத்தில் நிஜ வாத்துகள் மிதந்தன. தண்ணீருக்கு மேலே எதுவும் அசையவில்லை, கால்கள் அடியில் என்ன பாடு படுகின்றன என்று யாருக்குத் தெரியும். இன்றைக்கு வாத்தின் காலைப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டார். இரண்டு தரம் சொல்லிக்கொண்டார், மனுஷருக்குத் தன்மேலேயே அவ்வளவு நம்பிக்கை.

தாமல் பள்ளிக்கூடத்தில் சன்னலோரம் நின்று, கம்பளி இடுக்கில் பார்த்தார். தொந்தியப்பன் நடந்தான். அவன் காலைப் பார்க்கவில்லை. கழுதை பேசியது. பனி பெய்தது. நீலக் கதவு வந்தது. இப்போது கண்ணை இமைக்கவும் இல்லை. வாத்து அலகைத் தூக்கியது. தூக்கியது, இன்னும் கொஞ்சம் தூக்கியது, பளிச்சென்று திரை வெள்ளையாயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பரசுராமன் நேரே மிஷினுக்குப் போனார். படக்காரர் கலீமுல்லா ஐம்பது வயதுக்காரர், காதில் பென்சில் செருகியிருந்தார். காஞ்சிபுரத்துக்காரர்தான்.

"பாய், முடிவு எங்க?"

கலீமுல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "யா அல்லா! ரெண்டு வருஷமா காட்டறேன். மொத மொதலா நீங்கதான் கேக்கறீங்க."

"அப்போ?"

"முடிவு இல்ல. என் கைக்கு வரும்போதே இல்ல. எந்த ஊர்லயோ பிலிம் மாட்டி எரிஞ்சிருக்குது. எரிஞ்சத வெட்டிப் போட்டுட்டாங்க. புள்ளைங்க கேக்கறதில்லபா. வெளக்கு போட்டதும் கைய தட்டுறாங்க, ஆளுக்கு ஒரு முடிவ எடுத்துக்கினு ஊட்டுக்குப் போயிடறாங்க. எனக்கும்தான் தெரியல. தெனம் அந்த எடத்துல ஒரு நிமிஷம் மனசு நிக்கும். அப்புறம் பெட்டி கட்டணுமே."

பிலிமின் வாலை இழுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நகம் அளவுக் கட்டங்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் அதே வாத்து, அதே கதவு, அலகு மட்டும் மயிரிழை மயிரிழையாக மேலே. கடைசிக் கட்டத்தில் அலகு கதவைத் தொடவில்லை. அதற்கப்புறம் கருகிய விளிம்பு. பரசுராமன் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளுக்கு அம்மை போட்டதையும் அவள் கேட்டதையும் சொன்னார். சொல்லும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வயது ஆம்பளை ஒரு வாத்துக்காக அழுகிறான் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

கலீமுல்லா பெட்டியைத் துழாவினார். கத்தரிக்கோலை எடுத்துக் கடைசி ஆறு கட்டத்தை வெட்டி, ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "எப்படியும் முடிவு இல்லாத படம். ஆறு கட்டம் கொறஞ்சா என்னா கெட்டுடும்? கொழந்தைக்குக் குடுங்க. நல்லா ஆயிடும்."

வீடு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கால் கழுவிக்கொண்டு அறை வாசலில் நின்றார். காந்தா உள்ளே மகளுக்கு வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தாயே, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "முடிவு இல்ல. எரிஞ்சு போச்சு. முசரவாக்கத்துல இல்ல, தாமல்ல இல்ல, எங்கயும் இல்ல. இவ்ளோதான் மிச்சம்."

காகித மடிப்பை வாசற்படிக்கு உள்பக்கம் வைத்தார். காந்தா அதை எடுத்துக் கொடுத்தாள். அலமு எழுந்து உட்கார்ந்து, கொப்புளம் காய்ந்த விரல்களால் பிலிமைப் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று ஆறையும் பார்த்தாள்.

"இன்னும் தட்டவே இல்லயே" என்றாள்.

காந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆத்தா கேட்டாள், கொடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை எப்படி மனசு குளிர அனுப்புவது? பரசுராமன் அவள் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஏன் தாயே, உன் பேரே மாரிதானே? மாரின்னா மழதானே? மழயோட கதவுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு நீ எங்களுக்குச் சொல்லணுமா, நாங்க உனக்குச் சொல்லணுமா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரியான பேச்சு என்று அவருக்கே உறைத்தது. காந்தாவும் வேப்பங்கொத்தை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள்.

அலமு பிலிமைக் கீழே வைக்கவில்லை. விளக்கின் வெளிச்சம் அதன் வழியாக வந்து அவள் கன்னத்தில் சின்னதாய் ஒரு நீலக் கட்டம் போட்டிருந்தது. அவள் எங்கேயோ வெகு தூரத்தில் இருப்பவள்போல மெதுவாகப் பேசினாள்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கா, நைனா. படுத்துக்கினு இருக்கா. அவளால கதவ தொறக்க முடியாது."

"ஏன் தாயே?"

"தொறந்தா வாத்துக்கு ஒட்டிக்கும் இல்ல? அதான் தொறக்கல. ஆனா வெளிய வாத்து நடந்து வர்றது அவளுக்குக் கேக்குது. தொம்மு தொம்முன்னு. அது கதவாண்ட வந்துடுச்சு. அவ நெனச்சா, வந்துடுச்சு, இனிமே இங்கயே இருக்கும்னு."

"அப்புறம்?"

"அது இருக்க மாட்டேங்குது" என்றாள் அலமு. "முடிவு தெரியலன்னு தெனம் எங்கயோ போயிடுது."

பரசுராமன் விரலை மடக்கி எண்ணினார். நாலு நாள். நாலு நாளும் குழந்தை இந்த அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துத் தோழிகள் வரக்கூடாது. பெற்றவளுக்கு வேலை. வாசல்வரை வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரோ கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊர் ஊராக அலைந்திருக்கிறார். நாளைக்கும் போவியா என்று அவள் கேட்டாளே, அது கதைக்காகக் கேட்டது இல்லை. எத்தனை பெரிய முட்டாள் நான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

நிலைக்கு வெளியே, வெறும் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். படுக்கையிலிருந்து அவளுக்கு அவர் முழுசாகத் தெரிய மாட்டார். ஒரு பக்கத்துத் தோளும் மடக்கிய காலும் மட்டும் தெரியும்.

"வாத்து உக்காந்துடுச்சா?" என்றாள் உள்ளேயிருந்து.

"உக்காந்துடுச்சு."

"நாளைக்கு எங்கயாவது போவுமா?"

"போவாது."

அலமு படுத்துக்கொண்டாள். வேப்பிலை சரசரத்தது. காந்தா வெளியே வந்து, சாதம் எடுத்து வைத்திருக்கிறேன், எழுந்து வாங்க என்றாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். காந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். பாதி சாப்பிட்டிருப்பார்.

"நைனா."

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நைனா" என்றாள். மறுபடியும் "இருக்கேன்" என்றார். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் மடக்கிய காலை நீட்டப்போகும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. பதினோரு தரம் கூப்பிட்டாள். பதினோரு தரமும் அவர் பதில் சொன்னார். பன்னிரண்டாவது தரம் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தார்; மூச்சு சீராக வரும் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் மெதுவாக, அவளுக்குக் கேட்காதபடி, "இருக்கேன்" என்று சொல்லிவைத்தார்.